அக்காவின் குரலுக்கு இரண்டு டயோடு

என் அக்கா பாடியே ஒரு கோளாம்பியைக் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க ஓடியது.

கோளாம்பி என்றால் உற்சவத்துக்கும் பண்டிகைக்கும் தென்னைமரத்தில் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி. வெற்றிலைச் சாறு துப்புகிற பாத்திரத்தின் சாயல் அதற்கு உண்டு என்பதால் அந்தப் பெயர். அதன் பின்பக்கம் கனமான உருண்டை ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். யூனிட் என்று சொல்வார்கள். சத்தம் பிறக்கும் இடம் அதுதான். யூனிட்டுக்குள் தலைமுடி போன்ற கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அது கருகினால் கோளாம்பி வெறும் தகரம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அறுப்பின் பண்டிகையன்று, எங்கள் கிறிஸ்தவ சபையில் அக்கா தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டின் ஆக உயர்ந்த இடத்தில் அவள் போய் நின்றபோது, வெளியே தென்னையில் கட்டியிருந்த கோளாம்பி கொறகொறவென்று இருமிவிட்டு நின்றுபோனது. உள்ளே இருந்தவர்களுக்கு அவள் குரல் கேட்டது. வெளியே பந்தலில் இருந்தவர்களுக்கு இருமல் மட்டும் கேட்டது. வெளியே இருந்தவர்களே அதிகம். ஆகவே அவர்கள் சொன்னதே வரலாறு ஆயிற்று.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே கிடக்கும் ஊர் எங்களுடையது. மின்சாரம் எங்களுக்குத் திருவனந்தபுரத்துப் பக்கமிருந்து வந்தது, பேச்சு விளவங்கோட்டுப் பக்கமிருந்து வந்தது. இரண்டிலுமே அழுத்தம் ஏறியும் இறங்கியும் இருக்கும். பண்டிகை முடிந்த மறுவாரம் பூவாரிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் அக்காவிடம், "பிள்ளே, பைய பேசு. எனக்க தராசு பொட்டிரும்" என்றாள். அக்கா குமாஸ்தாவாக இருந்த பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்தில் கேலி செய்தார்கள். "சேச்சி பாடல்லே, ஃபேன் பழயதாணு." பாடிவிடாதீர்கள், மின்விசிறி பழசு என்று பொருள். அக்கா எல்லாவற்றுக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவின் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே நின்று, உதடு அசைகிறது என்பதற்கு மேல் நிரூபிக்க முடியாதபடி பாடினாள். துணி துவைக்கும்போது பாடுவதையும் விட்டுவிட்டாள். எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே காம்பவுண்டு. துவைக்கிற கல்லில் துணி அடிபடும் சத்தம் மட்டும் கேட்பது எனக்கு என்னவோ போலிருந்தது.

நான் அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் கற்பித்துக்கொண்டிருந்தேன். முப்பது வயதைத் தாண்டியும் கையால் ஒரு ரேடியோவைக்கூட முழுதாகப் பழுது பார்த்ததில்லை. ஆனால் கரும்பலகையில் என்னை யாரும் வெல்ல முடியாது. அதிலும் டயோடு லிமிட்டர் என்ற பாடம் வந்தால் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். வருஷாவருஷம் ஒரே படத்தை, ஒரே வண்ணச் சுண்ணாம்புக்கட்டிகளால் வரைந்தேன்.

விஷயம் எளியது. டயோடு என்பது மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு. அதுகூட உடனே திறக்காது. அழுத்தம் ஏறத்தாழ முக்கால் வோல்ட்டை எட்டினால்தான் திறக்கும். ஒலி செல்லும் கம்பியில் முதலில் ஒரு மின்தடையத்தைப் போட்டு, அதற்கப்பால் கம்பிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு டயோடுகளை, ஒன்று மேலே பார்க்கவும் மற்றது கீழே பார்க்கவும் வைத்துவிட்டால், அலை அளவுக்கு மேல் தலை தூக்கினாலும் அளவுக்குக் கீழே குனிந்தாலும் ஏதோ ஒரு கதவு திறந்து மிச்சத்தைத் தரைக்கு இறக்கிவிடும். அலையின் தலையும் காலும் தட்டையாகும். அளவுக்குள் நிற்கிறவனை அது தொடுவதே இல்லை. நல்ல அரசாங்கம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மாணவர்களிடம் சொல்வேன். அவர்கள் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

அடுத்த அறுப்பின் பண்டிகை நெருங்கியபோது சபைக் கமிற்றி கூடியது. அக்கா பாடலாமா என்பது விவாதப் பொருள். செக்ரட்டறி ரப்பர் ஷீட் வியாபாரி. நல்ல மனுஷன், பெரிய தொண்டை. அவர் அக்காவையும் வரவழைத்திருந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"மோளே, ஒனக்க பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல கேட்டியா. கருவிக்காக்கும் தாங்க முடியல்ல" என்றார் செக்ரட்டறி.

சவுண்டு செட் அண்ணனும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பகவதி கோயில் உற்சவமானாலும் எங்கள் பண்டிகையானாலும் அவருடைய செட்தான் வரும். எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள் என்பதால் அவர் பொதுவாகக் கருத்து சொல்வதில்லை. அன்று மட்டும் சொன்னார். "சாறே, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு யூனிட்டு போச்சுன்னா அடுத்த வாரம் உற்சவத்துக்கு நான் யாருக்க மொகத்துல முழிக்கது?"

கடைசியில் தீர்ப்பு வந்தது. பாடலாம், மைக்கு இல்லாமல். பந்தல்காரர்களுக்குக் கேட்காது, அவ்வளவுதானே என்றார்கள். அக்கா, "அப்போ வேண்டாம். வீட்டுலயே பாடிக்கிடுதேன்" என்று எழுந்தாள். வீட்டிலும் அவள் பாடுவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். யோசித்துப் பேசுகிறவன் என்ற பெயரை அதுவரை காப்பாற்றி வைத்திருந்தேன். "யூனிட் போகாம இருக்க ஒரு சர்க்யூட் உண்டு. நான் செஞ்சு தாறேன். மைக்கு குடுங்க."

"போனா?" என்றார் செக்ரட்டறி.

"போகாது."

"இந்த வருஷமும் போனா, பொறவு தனிப்பாட்டுன்னு பேச்சே எடுக்கப்பிடாது. செரியா?"

நான் சரி என்றேன். அக்காவைக் கேட்காமலே. வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் எந்த டயோடும் திறந்துவிடும்.

"எலே, ஒனக்கு வீட்டு ஃபியூஸு கெட்டத் தெரியாது. போன மாசம் ஃபியூஸு போனப்ப நான்லா வந்து கெட்டினேன்?"

"அது வேற, இது வேற அக்கா. இது டிசைனாக்கும்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வில் ஒரு பொறியியல் கல்லூரியையே மூடிவிடலாம்.

எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தனி அறை, ஜன்னலுக்கு இரட்டைத் திரை, பூப்போட்ட உறை. தேவாலயத்திலும் கோயிலிலும் அரைமனதாகச் செருப்பைக் கழற்றுகிறவர்கள் அந்த அறை வாசலில் பக்தியோடு கழற்றினார்கள். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பது எங்கள் பிரின்சிப்பலின் நம்பிக்கை. அதில் சர்க்யூட்டை எழுதிக் கொடுத்தால் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் ஒரு நிரல் ஃபிளாப்பியில் வந்து சேர்ந்திருந்தது. யாரிடமிருந்து யார் பிரதி எடுத்தது என்று கேட்பது நாகரிகமில்லாத காலம்.

படமெல்லாம் வரைய முடியாது. வரி வரியாகத் தட்டவேண்டும். இந்தத் தடை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, இந்த டயோடு அந்த முனையிலிருந்து தரைக்கு, இப்படி. மின்னழுத்தம் தருகிற மூலத்துக்குப் பெயர் வைக்கலாம், ஆனால் அது வி என்ற எழுத்தில் தொடங்கவேண்டும் என்பது அதன் சட்டம். நான் 'வி அக்கா' என்று வைத்தேன். எவ்வளவு வோல்ட் என்று அது கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஐந்து என்று போட்டேன். யூனிட்டையே கொல்கிற குரல் ஆயிற்றே, ஐந்தாவது இருக்காதா?

முதல் தடவை நிரல் கோபித்துக்கொண்டது. ஒரு முனைக்குத் தரையோடு தொடர்பே இல்லை என்றது. தரை என்ற வரியை எழுத மறந்திருந்தேன். பத்து வருஷமாகக் கற்பிக்கிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று தோன்றினாலும், அதில் நியாயம் இருந்தது. திருத்தினேன். நிரல் யோசித்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் யோசிப்பது நமக்கே கேட்கும். உள்ளே யாரோ கிழங்கு சுரண்டுவது போன்ற சத்தம். பிறகு திரையில் கோடு வந்தது.

என்ன அழகு! பெரிய அலை மேலும் கீழும் துள்ள, அதற்குள்ளே சின்ன அலை ஒன்று, தலையை மம்பட்டியால் நிரவியது மாதிரி, ஒரே மட்டத்தில். வருஷக்கணக்காகச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த படம் தானாகவே வரைந்துகொண்டது. நான் பிரின்சிப்பலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையைத் தொட்டுவிடாத தூரத்தில் நின்று பார்த்தார். "இதில் அக்கா எது சார்?" என்றார். பெரிய அலை என்றேன். "ரொம்பக் குதிக்கிறார்களே" என்றார்.

டயோடும் தடையும் வாங்கி, நிலையத்திலேயே பற்றவைத்து, ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்குள் அடைத்தேன். சவுண்டு செட் அண்ணனிடம் மைக்கெல்லாம் வந்து சேர்கிற மிக்ஸர் ஒன்றும், அதற்கடுத்து ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் நடுவே போகிற கம்பியில் என் சோப்புப் பெட்டி உட்காரவேண்டும். பண்டிகைக்கு முந்தின வாரம், சனிக்கிழமை மத்தியானம், பாடகர் குழுப் பயிற்சிக்கு நடுவே அதை மாட்டிச் சோதித்தோம்.

அக்கா பாடத் தொடங்கினாள். கோளாம்பியிலிருந்து வாத்து ஒன்று பாடியது.

மிகையாகச் சொல்லவில்லை. உயர்ந்த இடத்தில் மட்டுமல்ல, முதல் வரியிலிருந்தே, ஓட்டை விழுந்த வெண்கலப் பானையைத் தெருவில் இழுத்துப் போவது போல. பாடகர் குழுவின் முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தலையைச் சொறிந்தார். "யூனிட்டு போகாது சாறே. அது செரிதான். ஆனா ஆளு போயிரும்."

கண்ணுக்கு அவ்வளவு ஒழுங்காக இருந்த கோடு காதுக்கு இப்படி இருக்கும் என்று கரும்பலகை என்னிடம் சொன்னதே இல்லை. தலை வெட்டப்பட்ட அலை வேறு அலை. அதன் தட்டையான மட்டத்தின் ஓரங்கள் ஒவ்வொன்றும் தனியாகச் சத்தம் போடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், வினாத்தாளிலும் கேட்டிருந்தேன். ஆனால் அந்தச் சத்தம் அக்காவின் வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். தோட்டத்து வரப்பில் ஏறியதும் நின்றாள்.

"இது மேலோட்டுக்கு வெட்டுதா, எல்லாத்தையும் வெட்டுதா?"

"முக்கா வோல்ட்டுக்கு மேல உள்ளத வெட்டும்."

"எனக்க சத்தம் எத்தரன்னு போட்டே?"

"அஞ்சு."

"அளந்து பாத்தியா?"

"இல்ல. ஒரு கணக்குக்கு..."

"ஒனக்க கணக்குக்கா, கமிற்றிக்க கணக்குக்கா?" என்றாள் அக்கா. "நான் பாடிதான் அது போச்சுன்னு நீயும்லா வெச்சிருக்க. மக்கா, நான் பாடும்போ போச்சு. நான் பாடிப் போச்சுன்னு யாராக்கும் பாத்தது?"

சொல்லிவிட்டு அவள் வரப்பிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்கு நடுவே ஒரு படித்தவன் நிற்பது போல எந்தப் பயனும் இல்லாத காட்சி கிடையாது. என் சர்க்யூட்டில் டயோடு சரி, தடை சரி, தரையைக்கூடத் திருத்தி எழுதிவிட்டேன். ஆனால் முதல் வரியில் இருந்த ஐந்தை நான் எங்கிருந்து எடுத்தேன்? பந்தலில் இருமலை மட்டும் கேட்டவர்களிடமிருந்து. அதற்குப் பிறகு அந்த நிரல் செய்ததெல்லாம் அந்த வதந்தியை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டதுதான்.

அளந்தே விடுவது என்று முடிவெடுத்தேன். அலையைத் திரையில் காட்டி அளக்கும் அலைக்காட்டி எங்கள் நிலையத்தில் இருந்தது. பிரின்சிப்பல் அதைக் கட்டடத்துக்கு வெளியே அனுப்பமாட்டார். சவுண்டு செட் அண்ணனோ மிக்ஸரைத் தன் கண்ணுக்கு அப்பால் விடமாட்டார். இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றேதான்: திரும்பி வரும்போது இப்படியே வருமா? ஆகவே அளக்கிற கருவியும் அளக்கப்படவேண்டிய பொருளும் ஒரே கூரைக்குக் கீழே வரவே இல்லை.

குறைந்தபட்சம் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்கலாம். இரண்டு வோல்ட்டுக்குள் உள்ளே விட்டால் யூனிட்டுக்குச் சேதம் வராது என்று அதிலிருந்து தெரிந்தது. நான் முக்காலிலேயே கத்தி வைத்திருந்தேன். நெய்யாற்றின்கரைக் கடையில் இரண்டு வோல்ட்டை ஒட்டித் திறக்கிற டயோடு கேட்டேன். கடைக்காரர் அலமாரியெல்லாம் தேடிவிட்டு, "சிவப்பு எல்.இ.டி. போதுமா? அதுவும் டயோடுதானே" என்றார். அதுவும் டயோடுதான், ஒன்றேமுக்கால் வோல்ட்டைத் தாண்டினால்தான் அது திறக்கும். என் பாடத்திலேயே அது இருந்தது, வேறொரு அத்தியாயத்தில். அத்தியாயங்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் கற்பிப்பதுதானே எங்கள் முறை.

நிரலில் எல்.இ.டி. கிடையாது. சாதாரண டயோடின் குணங்களை மாற்றி எழுதி, அது ஒன்றேமுக்காலில் திறக்கும்படி செய்தேன். ஓட்டினேன். மட்டம் உயர்ந்தது. 'வி அக்கா' என்ற வரியில் ஐந்து அப்படியே இருந்தது. மாற்றக் கை போயிற்று. எதுவாக மாற்றுவது என்று தெரியாததால் திரும்பி வந்தது.

ஒரு சின்ன இடைஞ்சல். எல்.இ.டி. இரண்டும் நிமிர்ந்து நின்றதில் சோப்புப் பெட்டி மூடவில்லை. அக்காவின் ஸ்வெட்டர் ஊசியை அடுப்பில் காய்ச்சி மூடியில் இரண்டு துளை போட்டு, அவற்றின் தலையை வெளியே விட்டேன். பெட்டி ஏதோ சிவந்த கண்ணுள்ள தவளை போல இருந்தது. திரையில் அவை ஒளிரவில்லை. அங்கே அவை வெறும் எண்கள். ஒளிரும் என்பதை நான் அறியாதவன் அல்ல. ஆனால் அது ஒரு செய்தி சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பண்டிகை வந்தது. பந்தலெல்லாம் வாழைக்குலையும் சேனையும் காச்சில் கிழங்கும் தேங்காயும் காலில் கட்டிய கோழியும். விளைச்சலில் ஒரு பங்கைச் சபைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். மிக்ஸர் மேசை பாடகர் குழுவின் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. அதன்மேல் என் தவளை.

அறிவிப்புகளுக்காகச் செக்ரட்டறி முதலில் மைக்கைப் பிடித்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மைக் வேலை செய்கிறது என்று அவர் யார் சொல்லியும் நம்பமாட்டார். உள்ளங்கையால் இரண்டு அடி அடிப்பார். பிறகு அடுப்பூதுவது போல ஊதுவார். பிறகு உதட்டை அதில் ஒட்டவைத்து, "ஹலோ" என்பார்.

அடித்தபோது தவளையின் கண் இரண்டும் பளீரென்று எரிந்தன. ஊதியபோது எரிந்தன. 'ஹலோ'வுக்கும் எரிந்தன. அவர் பேசி முடிக்கும் வரை அணையவே இல்லை.

"சாறே, பல்பு எரியுது" என்றார் அண்ணன் காதோரமாக. என்னவோ தப்பாகிவிட்டது என்று எனக்கு வியர்த்தது. ஏதாவது ஒயரைப் பிடுங்கலாமா என்று குனிந்தேன். அதற்குள் அக்கா எழுந்து மைக்குக்கு வந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அது அவள் வழக்கம்.

அவள் பாட்டைப் பற்றி நான் எழுதவேண்டும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் ஒரு சோப்புப் பெட்டியை. முதல் வரி, கண் அணைந்திருந்தது. இரண்டாவது சரணம், அணைந்திருந்தது. வாத்து இல்லை, பானை இல்லை, அவளுடைய குரல் தென்னைக்குப் போய் அங்கிருந்து சாலைவரை போனது. முன்வரிசைப் பெண்களும் பெட்டியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அந்த உயர்ந்த இடம் வந்தது. அக்கா ஏறினாள், ஏறி நின்றாள், போன வருஷம் விட்டுப்போன மிச்சத்தையும் சேர்த்து நின்றாள்.

ஒரு துளி வெளிச்சம்? கண் சிமிட்டியது போலத் தோன்றியது. ஜன்னல் வெயிலாகவும் இருக்கலாம்.

பாட்டு முடிந்தது. கோளாம்பி இருமவில்லை. அண்ணன் என் தொடையில் ஓங்கி அடித்தார். "சாறே, அதுக்கு ஒண்ணும் பற்றல்ல! போன வருஷமும் செக்ரட்டறிதான் மைக்க ஊதினாரு. காலம்பற முதல் ஊதிட்டே கிடந்தாரு. சுருளு அப்பளே செத்திருக்கும். ஒனக்க அக்கா பாடும்போ விழுந்திருக்கு, அவ்வளவாக்கும்."

இதை அவர் காதோரமாகத்தான் சொன்னார். ஆனால் சத்தத்தோடு வாழ்கிறவர்களுக்குக் காதோரம் என்பது கொஞ்சம் பெரிய இடம். முன்வரிசை கேட்டது. அங்கிருந்து பந்தலுக்குப் போக அதற்குக் கோளாம்பி தேவைப்படவில்லை.

ஏலம் தொடங்கியது. ஏலம் விடுகிறவர் செக்ரட்டறிதான். அந்தத் தொண்டைக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். மிக்ஸர் மேசையைப் பந்தலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் மட்டி வாழைக்குலைக்கு "ஒரு தரம்" என்றார்; கண் எரிந்தது. "ரெண்டு தரம்" என்றார், எரிந்தது. ஜனங்கள் குலையைப் பார்க்கவில்லை, தவளையைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து, "மூணாந்தரம் சொல்லாண்டாம், யூனிட்டு பாவம்!" என்றது ஒரு குரல். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

செக்ரட்டறி திரும்பிப் பார்த்தார். "இது என்னத்துக்கு எரியுது?"

அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உற்சவமும் பண்டிகையும் பல கண்ட மனுஷன். "சத்தம் நல்லா தெளிவாட்டு கேக்குதுன்னு அர்த்தமாக்கும்" என்றார்.

செக்ரட்டறியின் முகம் மலர்ந்தது. அவர் மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார். கண்கள் பழுத்த மிளகாய் போல எரிந்தன. சிரிப்பு இரட்டித்தது, தன் ஏலம் களைகட்டிவிட்டது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அப்போதே நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சர்க்யூட் என்னுடையது. ஆனால் எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நேராக மேசைக்கு வந்தாள். பந்தல் அடங்கியது. போன வருஷத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது பதில் கொடுக்கப்போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும்.

"அண்ணன் சும்மா சொல்லுதாரு" என்றாள் அவள், செக்ரட்டறியிடம். "அது எரிஞ்சா கோளாம்பிக்கு நோவுதுன்னு அர்த்தம். மைக்க ஒரு சாண் தள்ளிப் பிடியுங்க. ஒங்களுக்கு உள்ள சத்தம் போதும். ஊதவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்."

செக்ரட்டறி மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கண்கள் அணைந்தன. அவர் தவளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். மைக் கையில் இருப்பதை மறந்து, மெதுவாக, தனக்குத்தானே கேட்பதுபோல, "அப்போ போன வருஷம் போனது..." என்றார்.

அவர் வாழ்நாளில் மைக்கில் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. அவ்வளவு தெளிவாகவும் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. தென்னையிலிருந்த கோளாம்பி அதை அப்படியே, ஒரு பிசிறில்லாமல், சாலை தாண்டி ரப்பர் தோட்டம்வரை சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை.

அக்கா குனிந்து, மேசைக்குக் கீழே கிடந்த பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தாள். "அது கெடக்கு. இது எவ்வளவுக்கு விடுதிய? மொதல் கேள்வி எனக்காக்கும்."

"அத... அத நீ எடுத்துக்க மோளே" என்றார் செக்ரட்டறி.

"அது எப்படி? ஏலம் ஏலம்தான்" என்றாள் அக்கா. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கும் மீன்கார அம்மாளுக்கும் போட்டி நடந்து, பூசணிக்காய் அதன் தகுதிக்கு மீறிய மரியாதையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. அடுத்த வருஷத் தனிப்பாட்டைப் பற்றி அந்தக் கூட்டத்திலோ பிறகோ யாரும் பேச்செடுக்கவில்லை. அக்காதான் பாடுவாள், பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்ற பொருளில்தான்.

மறுநாள் காலையில் துவைக்கிற கல்லிலிருந்து துணிச் சத்தத்தோடு சேர்ந்து வேறொரு சத்தமும் வந்தது. நான் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "என்னலே, பல்பு எரியுதா?" என்றாள்.

நிலையத்துக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தேன். கோப்பைத் திறந்தேன். 'வி அக்கா' என்ற வரியில் இருந்த ஐந்தை அழித்து ஒன்றரை என்று போட்டேன். இதுவும் அளந்ததல்ல, ஆனால் இந்தத் தடவை அவள் பாடும்போது நானே பெட்டியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். உள்ளே கிழங்கு சுரண்டும் சத்தம் கேட்டது. கோடு வந்தது.

பிரின்சிப்பல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உள்ளே போன அலையும் வெளியே வந்த அலையும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்ததில் ஒரே கோடுபோலத் தெரிந்தது.

"சர்க்யூட் ஒன்றுமே செய்யவில்லையே?" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன்.